முப்பத்தொரு கணக்குக்கு ஒரே நம்பர்

முப்பத்தொன்று. ஈஸ்வரமூர்த்தியின் சட்டைப் பையில் கிடந்த பட்டன் போனை நம்பியிருந்த வங்கிக் கணக்குகளின் எண்ணிக்கை இது. ஒன்று அவருடையது. மீதி முப்பதும் அவர் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் இருப்பவர்களுடையவை. யாருக்குக் கூலி விழுந்தாலும், பென்ஷன் வந்தாலும், யாராவது ஏ.டி.எம்மில் கார்டைச் செருகினாலும், முதலில் துடிப்பது அவருடைய சட்டைப் பைதான்.

அவர் வங்கியில் வேலை பார்க்கிறவர் அல்ல. வயது ஐம்பத்தெட்டு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து வடகரப்பதிப் பஞ்சாயத்தில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை, நாற்பது தென்னை, மூன்று கறவை மாடுகள். கடன் கொடுக்கிறவரும் இல்லை, வட்டிக்கு விடுகிறவரும் இல்லை. இத்தனை பேருடைய பணத்தின் நடமாட்டம் அவர் பைக்குள் வந்து சேர்ந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். 2014 செப்டம்பரில், பள்ளிக்கூட வராந்தாவில் ஒருவர் சொன்ன மூன்று சொற்கள்.

அன்று கணக்குத் தொடங்க முகாம் போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த வங்கிக்காரர் திருச்சூர்ப் பக்கம். வேகமான மலையாளம். படிவத்தில் போன் நம்பருக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. வரிசையில் முன்னால் நின்ற யாரோ, "நம்பர் எதுங்க போடறது?" என்று கேட்டார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல், "இவிடத்தெ நம்பர் மதி" என்றார்.

இங்கத்த நம்பர் போதும். முன்னால் நின்றவர் அப்படித்தான் பின்னால் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர், "இங்கத்ததுன்னா கேரளா நம்பரு" என்றார். பத்தாவது ஆளிடம் போவதற்குள் அது, "கோயம்புத்தூர் சிம்மைப் போட்டா கணக்கே செல்லாதாம்" என்று ஆகிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்தாலும் தோட்டத்தில் நன்றாக எடுப்பது அந்தப் பக்கத்துச் செல்போன் கோபுரம்தான். அதனால் வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் இருந்தது கோயம்புத்தூரில் வாங்கிய சிம். கேரளா நம்பர் வைத்திருந்தவர் ஒருவர்தான். மானியத்துக்காகப் பக்கத்துச் சித்தூரில் வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்கு அலைந்த நாட்களில் அங்கேயே ஒரு கடையில் சிம் வாங்கியிருந்த ஈஸ்வரமூர்த்தி.

"அப்ப ஈஸ்வரண்ணன் நம்பரைப் போட்டுக்கலாங்களா?"

"போட்டுக்குங்க. நம்பர்தானே, தேஞ்சா போயிரும்?" என்றார் அவர்.

ஒரு மணி நேரத்தில் முப்பது பேர் போட்டுக்கொண்டார்கள்.

நம்பர் தேயவில்லை. ஆனால் அவர் கட்டுண்டு போனார். மெசேஜில் பெயர் வராது, கணக்கின் கடைசி நான்கு எண்கள்தான் வரும். முதல் ஆறு மாதத்தில் முப்பதும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. பக்கத்து வீட்டு வனிதா நாற்பத்துநாலு பதினேழு. கோயில் தெருப் பெரியமுத்து முப்பத்தெட்டுப் பதினாறு. கோயில் நோம்பிக் கூட்டத்தில் எதிரே ஆள் வந்தால், பெயருக்கு முன்னால் எண் வந்து நின்றது. ஒருமுறை சந்தையில் பெரியமுத்துவை, "ஏனுங்க முப்பத்தெட்டு" என்று கூப்பிட்டே விட்டார். பெரியமுத்து திரும்பிப் பார்த்து, "வயசு எழுபத்திரண்டு ஆச்சு, உன்ற கண்ணுக்கு முப்பத்தெட்டாட்டவா தெரியறேன்?" என்று சந்தோஷப்பட்டார்.

செய்தியைச் சேர்ப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். காலை ஆறரைக்குச் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். யாருக்குப் பணம் வந்திருக்கிறதோ அவர்கள் வீட்டு வாசலில் மணியை இரண்டு முறை அடிப்பார். நிற்க மாட்டார், கூப்பிட மாட்டார், தொகை சொல்ல மாட்டார். சிறிது நேரம் கழித்து அந்த வீட்டுப் பெண்மணி ஏதோ வேலையாக வருகிறவள் மாதிரி சொசைட்டிக்கு வருவாள். போனை நீட்டுவார். மேலேயும் கீழேயும் இருக்கிற மெசேஜ்களை இரண்டு கட்டைவிரல்களாலும் மறைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வரியை மட்டும் காட்டுவார். அவள் பார்த்துவிட்டு, "சரிங்கண்ணா" என்று போய்விடுவாள். அந்த இரட்டை மணி தெருநாய்களை விரட்டுவதற்கு என்றுதான் ஆண்களில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மணிக்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. அப்போதெல்லாம் வாசலில் நின்று, "வனிதா, தொழிலுறப்புக் கூலி வந்திருக்குது" என்று கூப்பிட்டே சொல்வார். பஞ்சாயத்தின் நூறு நாள் வேலைக்கு அங்கே அதுதான் பெயர். அந்தப் பழக்கம் மாறியது 2019-இல்.

அந்த வருடம்தான் ஒரே மகள் செல்வப்பிரியாவுக்குக் கல்யாணமாகி, அவள் மூணாறு பக்கம் சின்னக்கானலுக்குப் போனாள். மாப்பிள்ளை பிரதீப் அங்கே தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசர். அவளுக்கும் பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. மகள் வீட்டுக்கு முதல் தடவை ஒறம்பரையாக, விருந்துக்குப் போகும்போது, அவருடைய சிம்முக்கு அங்கே சிக்னல் கிடையாது என்று தெரிந்து, போனைப் பக்கத்து வீட்டு மோகனசுந்தரத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மோகனசுந்தரம் வனிதாவின் கணவர். கெட்டவர் இல்லை. வாய் மட்டும் பூட்டு இல்லாத வாய். டீக்கடையில் உட்கார்ந்து, செய்தித்தாள் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு மெசேஜாக வாசித்திருக்கிறார். "நாற்பத்துநாலு பதினேழுக்கு இருப்பு இத்தனையாம். யாருப்பா அது, கமுக்கமா சேத்து வெச்சிருக்கிற மகராசி?" கடையே சிரித்திருக்கிறது. சாயங்காலம் வீட்டில் ஏதோ தேடும்போது வனிதாவின் பாஸ்புக் கையில் அகப்பட்டது. கடைசி நான்கு எண்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வனிதா ஒரு கிடேரிக் கன்று வாங்கச் சேர்த்த பணம், அடுத்த வாரமே மோகனசுந்தரத்தின் பைக்குக்கு இரண்டு புது டயராக மாறிவிட்டது.

டீக்கடைச் சங்கதி காதில் விழுந்ததும் ஈஸ்வரமூர்த்தி மகள் வீட்டில் தங்காமல் அன்றே பஸ் ஏறி, மறுநாள் விடியும் முன் வந்து சேர்ந்தார். பெண்கள் ஐந்தாறு பேர் வாசலுக்கு வந்து, இனிமேல் போனை யார் கையிலும் கொடுப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மணி.

2022-இல் இன்னொரு முறை போனார். போனைக் கையோடு கொண்டுபோனார். காலையில் கிளம்பி மத்தியானம் போய்ச் சேர்ந்து, சோறு தின்று, இரண்டு மணி பஸ்ஸுக்கு இறங்கிவிட்டார். மூணாறு வந்து சிக்னல் எடுத்ததும் பதினான்கு மெசேஜ் ஒட்டுக்கா விழுந்தன. அதில் ஒன்று ஓ.டி.பி. அதற்காக அட்சயா இ-சேவை சென்டரில் யாரோ ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போயிருந்தார்கள். மனைவி நாச்சம்மாள் மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை மகள் வீட்டுக்குத் தனியாகப் போய் வருவாள். அவள் வந்து சொல்லித்தான் அந்த வீட்டின் சமையலறை எந்தப் பக்கம் என்பதே அவருக்குத் தெரியும்.

இந்த ஆகஸ்ட் முதல் வாரத்தில் செல்வப்பிரியா கூப்பிட்டாள்.

"அப்பா, இவருக்கு வண்டிப்பெரியார் எஸ்டேட்டுக்கு மாத்தலாயிருச்சுங்க. அக்டோபர்ல இந்த ஊட்டைக் காலி பண்றோம்."

"அப்படியா கண்ணு. நல்ல எடந்தானே?"

"எடம் கெடக்குதுங்கப்பா. ஆறு வருசமா இங்க இருக்கேன். இந்த ஊட்டுல நீங்க ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சதில்லை. ஓண லீவு பத்து நாள் இருக்குது. முப்பதாந்தேதி அம்மாவும் நீங்களும் வரோணும். இல்லைன்னா வண்டிப்பெரியாருக்கு நீங்க வரவே வேண்டாம்."

"அட, கோவிச்சுக்காத அம்மணி. இந்த போனு…"

"போனைக் கெணத்துல போடுங்க," என்று வைத்துவிட்டாள்.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மகள் கோபமாகப் பேசி அவர் கேட்டதில்லை. கிணற்றில் போட முடியாது. ஆனால் முப்பது பேரையும் அவரவர் நம்பருக்கு மாற்றிவிட்டால் போன் வெறும் போனாகிவிடும். கையில் இருபத்தைந்து நாள் இருந்தது. நாளைக்கு இரண்டு வீடு என்றாலும் போதும். மறுநாள் காலை பால் ஊற்றிவிட்டு வீடு வீடாகக் கிளம்பினார்.

முதல் வீட்டில், "போன்ல சார்ஜ் நிக்கறதில்லீங்கண்ணா" என்றார்கள். இரண்டாவது வீட்டில் கண் சரியாகத் தெரிவதில்லை. மூன்றாவது வீட்டில் யாரோ ஒருவருடைய சித்தப்பாவுக்குப் போன் செய்து, நம்பர் கேட்டு, கணக்கைத் துடைத்துவிட்டார்களாம். எந்த ஊர் சித்தப்பா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நான்காவது வீட்டில் நம்பர் கோயம்புத்தூர் நம்பராயிற்றே, கேரளா பேங்கில் செல்லாதே என்றார்கள். ஐந்தாவது வீட்டில் காப்பி கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. கோயில் தெருவில் பெரியமுத்து கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, "பேங்கு எங்கே இருக்குது?" என்று கேட்டார்.

"கொழிஞ்சாம்பாறைல."

"நீ எங்க இருக்கற?"

"இங்கதானே இருக்கறேன்."

"அப்பறம் என்றா? பக்கத்துல இருக்கறத உட்டுப்போட்டு தூரத்துல இருக்கறத எதுக்குக் கட்டிக்கோணும்?"

நான்கு நாளில் இருபது வீடு ஏறி இறங்கினார். மாறுகிறேன் என்று சொன்னது ஒருவர்கூட இல்லை. இதில் அவருக்கு விளங்காத ஒன்று இருந்தது. சார்ஜ் நிற்காத அதே போனில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கண் தெரியாதவர்கள் கூட்டுக்குடும்பச் சண்டையைக் கைபேசியில் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் வனிதா உண்மையைச் சொன்னாள். மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தவள், கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.

"ஏனுங்கண்ணா, ஊரெல்லாம் போயி ஏன் ஏன்னு கேக்கறீங்களாமே? நான் சொல்றேன் கேட்டுக்குங்க. எங்க ஊட்டுல இருக்கறது ஒரு போனு. அது யாரு பையில இருக்குது?"

"மோகனசுந்தரம் பையில."

"மெசேஜ் யாரு பாப்பாங்க?"

அவர் தீவனத் தொட்டியைப் பார்த்தார்.

"உங்க போனுக்கு வந்தா உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. நீங்க சொல்ல மாட்டீங்க. பதினோரு வருசத்துல அந்த ஒரு நாளு தவிர, எவ்வளவு இருக்குதுன்னு வெளியே ஒரு சொல்லு போகலை. நீங்க இருக்கறப்ப எனக்கு எந்த பேங்கு ஆப்புங்க வேணும்? மறுபடியும் கிடேரிக்குச் சேத்துக்கிட்டிருக்கேன். இன்னும் எவ்வளவு பாக்கின்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். இன்னும் மூன்று மாதக் கூலி. மனப்பாடமாகத் தெரியும்.

"கேரளா நம்பருன்னுதான் எல்லாரும் போட்டீங்கன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தனே," என்றார்.

"மொத நாளு அதுக்குத்தானுங்க போட்டோம். அப்பறம் வெச்சிருக்கறது இதுக்கு." வனிதா தீவனக் கையோடு கும்பிடு போட்டாள். "ஓண நோம்பிக்கு எங்கயும் போயிராதீங்கண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் செம்பை எடுத்தவர், குடிக்காமலே நின்றார். ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது. பீரோ செய்கிற வேலையை ஊருக்கே அவர் ஒருவராகச் செய்திருக்கிறார். இன்னொரு பக்கம், பீரோவை யாரும் பத்து நாள் மகள் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

நாச்சம்மாள் முற்றத்தில் கடலைச் செடியை உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே உதிர்த்தாள்.

"அவளுக்குப் புருசன் கையில போனு. கோயம்புத்தூர் நம்பரு வேற செல்லாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"செல்லுமுங்க," என்றாள் நாச்சம்மாள்.

"எது?"

"கோயம்புத்தூர் நம்பரு. என்ற கணக்குல அதுதானே இருக்குது. பதினோரு வருசமாச் செல்லுது."

செம்பைக் கீழே வைத்தார். அவளுக்கும் அதே முகாமில்தான் கணக்குத் தொடங்கியது. அவளுடைய மெசேஜ் மட்டும் தன் போனுக்கு வராதது அவருக்குத் தெரியும். முதல் வாரமே கேட்டதற்கு, பாஸ்புக் போதும், மெசேஜ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். அத்தோடு அவர் விட்டுவிட்டார்.

"வரிசையில நான் மூணாவது ஆளு. இந்தக் கேரளா நம்பர் பேச்சு பொறப்படறதுக்கு முன்னாலயே எழுதிக் கொடுத்துப்போட்டேன். அப்ப பிரியா காலேஜ்ல இருந்தா, அவ நம்பரு. கல்யாணத்துக்கப்பறம் அவ புது நம்பரு வாங்கிட்டா. பழைய சிம்மும் பழைய போனும் எங்கிட்ட வந்துருச்சு."

"அது நீ பிரியாகிட்டப் பேசற போனு இல்ல?"

"பேசறதும் அதுதான். கரண்ட் பில்லு கட்டறதும் அதுதான். நாலு வருசமா ஆப்பு வெச்சிருக்கேன்."

"பில்லு அட்சயாவுல கட்டறேன்னு சொன்னே!"

"கட்டறேன்னு சொன்னேன். எங்கேன்னு நீங்களாச் சொல்லிக்கிட்டீங்க."

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு மேடையில் மிக்ஸி இருந்தது. "அந்த மிக்ஸி? சொசைட்டிக் குலுக்கல்ல விழுந்துதுன்னே?"

"சொசைட்டில என்னைக்குங்க குலுக்கல் நடந்துச்சு?"

அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. முப்பது வீட்டுக் கணக்கும் தெரியும், சொந்த வீட்டில் ஓடுகிற ஒரு கணக்கு தெரியாது. கேட்டேவிட்டார். "எங்கிட்ட எதுக்கு மறைக்கோணும்? நான் என்ன டயரா வாங்கிப்போடுவேன்?"

நாச்சம்மாள் முதல் முறையாக உதிர்ப்பதை நிறுத்தினாள். "உங்க மேல குத்தம் இல்லீங்க. என்றதுன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னு பொட்டாட்ட, சத்தமில்லாம இருந்துக்கிட்டேன். இத்தனை பேரு கணக்கைத் தலையில சுமக்கறீங்க. அதுல என்றதும் ஒண்ணாக் கெடக்க வேண்டாம்னு இருந்துது."

அவர் கோபத்துக்கு அதற்குமேல் விறகு இல்லை. தன் காலைக் குனிந்து பார்த்து, "என்ற செருப்பு?" என்று கேட்டார்.

"அதுவும் தானுங்க," என்று அவள் சிரித்தாள். "காலுக்குப் பத்துச்சில்ல?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டம் நாச்சம்மாளின் முற்றத்தில் கூடியது. வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள். அன்று இருபத்தாறு பேர். ஈஸ்வரமூர்த்தியை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கொட்டகையிலிருந்து எல்லாம் கேட்டது.

"ஊட்டுக்கு வாசக்கதவு பூட்டு ஒண்ணு, உள்ளே பீரோ பூட்டு ஒண்ணு," நாச்சம்மாளின் குரல். "போனைத் தொறக்கறது வாசக்கதவு. அந்தச் சாவி ஊட்டுக்காரருகிட்ட இருக்கட்டும், போயிட்டுப் போவுது. ஆப்புக்குத் தனியா ஒரு நம்பரு இருக்குது. அது பீரோ சாவி. அது உன்ற மடியில."

"மெசேஜ் வந்து மூஞ்சில நிக்குமேக்கா?" இது வனிதா.

"நிக்காத மாதிரி வெச்சுக்கலாம். இங்க பாரு. இதை அமுக்கி, இதை மூடிப்போடு. அதுவும் பயமா இருந்தா, ஒரு சின்ன பட்டன் போனு வாங்கி சிம்மைப் போட்டுத் தீவன டின்னுக்குள்ள வெச்சுக்க. கூலி வந்துதான்னு தெரிஞ்சாப் போதுமில்ல உனக்கு?"

"அப்ப யாராச்சும் பேங்குல இருந்து பேசறேன்னு நம்பரு கேட்டா?"

"பீரோ சாவியை ரோட்டுல போறவன் கேட்டாக் குடுப்பியா? போனை வெச்சுப்போட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போ." சிரிப்பு. "இன்னொண்ணு. எல்லாரும் ஒரே சாவி நம்பரை வெச்சுப்போடாதீங்க தாயிகளா. மறுபடியும் முப்பத்தொண்ணு ஆயிரும்."

கொட்டகையில் நின்றபடி ஈஸ்வரமூர்த்தி மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். அவர் நான்கு நாள் நடந்து வாங்க முடியாத சம்மதத்தை அவள் இருபது நிமிடத்தில் வாங்கிவிட்டாள். இவர் ஏன் மாற மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். அவள் எதை மறைக்க வேண்டும் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. இரண்டு வேன் பிடித்து இருபத்தொன்பது பேரும் கொழிஞ்சாம்பாறைக்குப் போனார்கள். பெரியமுத்து மட்டும் வரவில்லை. வங்கி திறந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கூட்டமாக உள்ளே நுழைந்த பெண்களைப் பார்த்ததும் காவலாளி ஓடிவந்து கதவை மறித்தார்.

"எந்தா, சமரமாணோ?"

போராட்டமா என்று கேட்கிறார். அந்த ஊரில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு அலுவலகத்துக்குள் போனால் வேறென்ன நினைப்பார்கள்?

"இல்லீங், நம்பர் மாத்த வந்திருக்கோம்," என்றாள் வனிதா.

கவுன்டரில் இருந்த சிஞ்சு என்ற இளம் அதிகாரி முதல் பாஸ்புக்கை வாங்கிக் கணினியில் பார்த்தார். இரண்டாவதை வாங்கினார். மூன்றாவதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "இதெந்தா, எல்லாவர்க்கும் ஒரே நம்பரோ? இது ஆருடெ நம்பர்?"

இருபத்தொன்பது கைகளும் ஈஸ்வரமூர்த்தியைக் காட்டின. அவர் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல எழுந்து நின்றார்.

சிஞ்சு அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அண்ணா, இத்தனை ஆளுக்கும் நீங்க தனியா கஸ்டமர் கேரா?" என்று கேட்டார். கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கோயம்புத்தூர் நம்பர் செல்லுமா என்று அவர் கேட்டதற்கு, இந்தியாவில் எந்த நம்பரும் செல்லும் என்று பதில் வந்தது.

படிவங்களைக் கொடுத்தார்கள். அதே மாதிரிப் படிவம். அதில் மூன்று கட்டங்கள்: வீட்டு நம்பர், ஆபீஸ் நம்பர், மொபைல் நம்பர். வனிதா பேனாவோடு நிமிர்ந்து, "இதுல எதுங்க போடறது?" என்று கேட்டாள்.

சிஞ்சு கவுன்டருக்கு மேலாகக் கையை நீட்டி, மூன்றாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இவிடத்தெ நம்பர் மதி."

இந்தக் கட்டத்தில் இருக்கிற நம்பர் போதும்.

வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. ஈஸ்வரமூர்த்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். 2014-இல் மேசைக்குப் பின்னால் இருந்தவரும் குனிந்துகொண்டே ஒரு விரலை எங்கேயோ வைத்திருப்பார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குச் சொல் கேட்டது, விரல் தெரியவில்லை. கேரளமும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. ஒரு கட்டம்.

முதலில் நாச்சம்மாள்தான் சிரித்தாள். தோளைக் குலுக்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அப்புறம் வனிதா. அப்புறம் எல்லோரும். என்ன நடந்தது என்று தெரியாமல் சிஞ்சு விழித்தார். காவலாளி கதவருகிலிருந்து எட்டிப் பார்த்தார். சமரம் இல்லை என்று அவருக்கு இப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது.

"பதினோரு வருசம்," என்று ஈஸ்வரமூர்த்தி சொல்லிக்கொண்டார். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரத்தில் அவருடைய சட்டைப் பை மெல்ல மெல்ல அடங்கியது. திங்கட்கிழமை ஆறு மெசேஜ். புதன்கிழமை ஒன்று. வியாழன் அன்று காலை முழுக்க ஒன்றும் இல்லை. போன் செத்துவிட்டதோ என்று இரண்டு முறை எடுத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை சொசைட்டிக்குப் போகும் வழியில், பழக்கதோஷத்தில், வனிதா வீட்டு வாசலில் மணியை இரண்டு முறை அடித்துவிட்டார். வனிதா விளக்குமாற்றோடு எட்டிப் பார்த்தாள்.

"கூலி வந்துருச்சுங்கண்ணா. நேத்தே பாத்துப்போட்டேன்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, கண்ணாலேயே தீவன டின்னைக் காட்டினாள். எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கிடேரிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்பது இனிமேல் தனக்குத் தெரியாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சைக்கிளை மிதித்தார். கேன் என்னவோ அன்று கனமில்லாமல் இருந்தது.

சொசைட்டியில் மோகனசுந்தரம் பக்கத்தில் வந்து நின்றார். "என்னங்கண்ணா, இப்பெல்லாம் மணிச் சத்தமே கேக்கறதில்லை? இன்னைக்குத்தான் ஒருக்கா கேட்டுது. பெல்லு ரிப்பேருங்களா?"

"ஆமாப்பா, ரிப்பேரு."

"நாயெல்லாம் எச்சாப் போச்சு பாருங்க. சரி பண்ணி வைங்க."

"திரும்பி வந்து பண்றேன்," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

நாளை, ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஈஸ்வரமூர்த்தியும் நாச்சம்மாளும் பொள்ளாச்சி போய், உடுமலையில் மூணாறு பஸ் ஏறுகிறார்கள். டிக்கெட்டை நாச்சம்மாள் தன் போனில் பணம் கட்டி எடுத்துவிட்டாள். பட்டன் போன் வீட்டு அலமாரியில் இருக்கும். அதில் இன்னும் ஒட்டியிருக்கிற வேறொருவர் கணக்கு பெரியமுத்துவுடையது மட்டும். ஓணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியமுத்து சொல்லிவிட்டார். பத்து நாளைக்கும் ஈஸ்வரமூர்த்தியின் மூன்று மாடுகளின் பாலை வனிதா கறந்து, தன் பெயரில் சொசைட்டியில் ஊற்றுவாள். அந்தப் பணம் நாற்பத்துநாலு பதினேழில் ஏறும். மெசேஜ் அவள் போனுக்கு வரும்.